நாங்கள் சேலத்துக்குப் போகவில்லை

உடம்பு தேற வேண்டுமானால் பெங்களூருக்குப் போ என்று மதராஸ் டாக்டர்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில்தான் பெங்களூர் டாக்டர் ஒருவர் என் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இந்த ஊரை விட்டுப் போனால்தான் உனக்குச் சுகம் என்றார். இந்தக் குளிரும் ஈரமும் உன் நெஞ்சுக்கு ஆகாது, காய்ந்த வெயில் அடிக்கிற ஊராகப் பார் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இழுப்பு வரும், அதனால் சிரிக்கவில்லை.

நாங்கள் அப்போது பெங்களூர் பிரேசர் டவுனில், மாதா கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு ரொட்டிக் கிடங்கில் வேலை. ரொட்டி போடுகிறவர்கள் வேறு ஆட்கள். இவர் கேக் மேஜை. கண்டோன்மென்ட்டில் எந்த வெள்ளைக்காரர் வீட்டில் கல்யாணம் என்றாலும், எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் கல்யாணம் என்றாலும், அந்த மூன்றடுக்குக் கேக்கின் மேல் இருக்கிற ரோஜாப்பூ இவர் கையில் பூத்ததாகத்தான் இருக்கும். வெண்ணெயும் சர்க்கரையும் குழைத்துத் தகரக் குழலில் போட்டு, இதழ் இதழாகப் பிழிந்து எடுப்பாராம். 'எடுப்பாராம்' என்று சொல்கிறேன், ஏனென்றால் கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. விடியற்காலை இருட்டில் போய்விட்டு, உச்சிவேளைக்கு முன்னால் தலை முதல் கால் வரை மாவோடு திரும்பி வருவார். சட்டையை நான் வாங்கி அறைக்குள்ளேயே நன்றாக உதறி ஆணியில் மாட்டுவேன். ஜன்னல் வெளிச்சத்தில் மாவு பறக்கும். அந்த வாசனை எனக்கு உயிர். பவுடர் போட்டுக்கொண்டு வருகிற புருஷன் பிரேசர் டவுனிலேயே எனக்கு மட்டும்தான் என்று கேலி செய்வேன்.

இழுப்பு வருகிற காலம் எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பனி இறங்கும்போது தொடங்கும். ஜன்னலைச் சாத்தி, துணியை அடைத்து, போர்வைக்குள் உட்கார்ந்து மூச்சுக்கு மன்றாடுவேன். டாக்டர் கொடுத்த பொடியைத் தட்டில் கொளுத்தி அந்தப் புகையை இழுக்க வேண்டும். பெண்பிள்ளை புகை இழுக்கிறாள் என்று சந்தில் பேச்சு வந்ததுதான் மிச்சம். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும். வெயில் ஏறுகிறது, அதுதான் காரணம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அப்படி நினைத்துக்கொண்டிருந்தோம்.

சேலம் என்கிற பேச்சை எடுத்தது என் அக்கா. அவள் புருஷனுக்குச் சேலத்தில் ஜவுளிக் கடை. நம்பிக்கையான ஆள் ஒருவர் கல்லாவில் உட்கார வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். "பிள்ளை குட்டி இல்லாத வீடு. பெட்டியைத் தூக்கிட்டு ரயில் ஏற வேண்டியதுதானே, இதுக்கு இன்னா யோசனை?" என்றாள். முதலில், இழுப்பு இருக்கிற தை மாசத்தில், நான் மட்டும் ஒரு மாசம் போய் இருந்து பார்ப்பது என்று முடிவாயிற்று.

சேலத்தில் எனக்கு இழுப்பே வரவில்லை. போய்ச் சேர்ந்த வாரத்திலேயே படியேறி மாடிக்குப் போய்த் துணி உலர்த்தினேன். அக்கா வீட்டில் யாரும், மூச்சு வாங்குகிறேனா என்று என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கவில்லை, அதுவே பெரிய சுகமாக இருந்தது. ஆனால் ஊர் எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னால் அக்கா வருத்தப்படுவாள், சொல்லவில்லை. தை மாசத்திலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. சாயங்காலம் ஆனால் போய் நிற்க ஒரு பார்க் இல்லை, பேண்டு வாத்தியம் இல்லை. ரஸ்ஸல் மார்க்கெட் மாதிரி ஒரு மார்க்கெட் இல்லை, வாசலில் குழாய்த் தண்ணீர் இல்லை. மாசம் முடிந்து ரயிலடியில் என்னை அழைத்துப் போக வந்த என் வீட்டுக்காரர், சலவை வேட்டியில், மாவு இல்லாத தலையோடு, யாரோ மாதிரி நின்றார். என் மூச்சைக் கேட்டுவிட்டு அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எனக்குப் பயமாகிவிட்டது. இனி சேலம்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பெங்களூருக்குத் திரும்பிய சில நாளில் மறுபடியும் இழுத்தது. டாக்டர் சொன்னது நிரூபணம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு பல மாசம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. அவர் தூங்கி எழுந்து சாயங்காலக் காப்பி குடிக்கும்போது தொடங்குவோம். வேடிக்கை என்னவென்றால், அவர் சேலத்துக்கு வக்கீல், நான் பெங்களூருக்கு வக்கீல்.

"அங்க மாம்பழம் நல்லா கெடைக்கும்."

"மாம்பழத்துக்காக யாராச்சும் ஊர் மாறுவாங்களா?"

"மூச்சுக்காக மாறுவாங்க. மாம்பழம் சும்னே கூட வரும்."

இன்னொரு நாள், உன் அக்கா பக்கத்தில் இருப்பாள், உடம்புக்கு முடியாவிட்டால் ஒரு ஆள் வேண்டாமா என்பார். எனக்கு உங்களைத் தவிர ஆள் எதற்கு என்பேன். கல்லாவில் உட்காருகிற வேலை, காலைத் தூக்கம் கெடாது, வயசானால் அடுப்பு முன்னால் நிற்க முடியுமா என்பார். நான் உடனே கேக்கைப் பிடித்துக்கொள்வேன். சேலத்தில் யாருக்கு மூன்றடுக்குக் கேக் வேண்டும்? வெண்ணெய் ரோஜா என்றால் அங்கே யாருக்குத் தெரியும்?

"அந்த வெயில்ல வெண்ணெய் ரோஜா ஆகாதும்மா, ரசம்தான் ஆகும்," என்று அவரே சிரித்தார். சிரித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துக் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

அதுதான் அவருடைய ஒரே நஷ்டம். அவர் பக்கத்தில் அது ஒன்றுதான் இருந்தது, ஆனால் அது முழு மனுஷனுக்கும் சமம். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், கூட்டத்தில் வாய் திறக்காதவர். கல்யாண விருந்தில் கேக்கை வெட்டுவதற்கு முன்னால் ஜனங்கள் சுற்றி நின்று பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவருக்கு உலகத்தில் பேச்சு. அதை விட்டுவிட்டுத் துணி முழம் போட வருகிறேன் என்று எனக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் கேக்குக்காகத்தான் வேண்டாம் என்கிறேன் என்று நான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். பாதி உண்மை. மீதிப் பாதி எனக்காக. என் பார்க்கையும் என் மார்க்கெட்டையும் என் குழாய்த் தண்ணீரையும் அவருடைய ரோஜாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் பேசினேன். அவர் அதை நம்பினார், என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்கிற மாதிரி பார்த்தார். எனக்குக் கூசியது.

கடைசியில் அவர்தான் ஜெயித்தார். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் ஜனவரியில் வருகிற மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் சேலம் போவதென்று முடிவாயிற்று. முதலாளியிடமும் சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் கேக்கை யாரும் வீட்டில் சுடுவதில்லை. வீட்டில் ஏது அந்த அடுப்பு? மாவு, முட்டை, சர்க்கரை, ஊறவைத்த திராட்சை எல்லாவற்றையும் கூடையில் எடுத்துக்கொண்டு பெண்கள் ரொட்டிக் கிடங்குக்குப் போவார்கள். அங்கே பெரிய மேஜையில் சலித்து, கலந்து, தகரத்தில் ஊற்றி, ஆளுக்கொரு அடையாளம் வைத்து அடுப்புக்குக் கொடுப்பார்கள். வெந்து வரும்வரை உட்கார்ந்து ஊர் வம்பு பேசுவார்கள். என் வீட்டுக் கேக்கை எப்போதும் அவரே செய்து கொண்டுவந்துவிடுவார், அதனால் நான் போனதில்லை. இது கடைசி வருஷம் ஆயிற்றே, ஒரு தடவையாவது அவர் ரோஜா பிழிவதைப் பார்க்க வேண்டும் என்று நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தலையில் சால்வை போட்டு, மூக்கை மூடிக்கொண்டு போனேன்.

கிடங்குக்குள் நுழைந்ததும் சேலம்தான். அடுப்பு எரிகிற சூட்டில் உடம்பெல்லாம் இளகியது. சால்வையை எடுத்துவிட்டேன். அவர் மூலை மேஜையில் குனிந்து நின்றார். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டார், பிறகு காட்டத் தொடங்கினார். கையில் பிடித்திருந்த ஒரு ஆணியின் தட்டைத் தலையில் வெண்ணெயைச் சுற்றிச் சுற்றிப் பிழிந்தார், ஒரு மொட்டு வந்தது, மொட்டு விரிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். என் புருஷன் இவ்வளவு அழகாக நிற்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பக்கத்து மேஜையில் பெண்கள் மாவு சலித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ புது மூட்டையைப் பிரித்துக் கொட்டினார்கள். வெள்ளையாக ஒரு புகை எழும்பி எங்கள் பக்கம் வந்தது.

இரண்டாவது ரோஜா முடிவதற்குள் என் நெஞ்சு அடைத்துவிட்டது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒரு இழுப்பு எனக்கு வந்ததில்லை. மேஜையைப் பிடித்தேன், மேஜை மேல் மாவு, கை வழுக்கியது. கீழே உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். பனியில் எடுத்துப் போகாதே, செத்துப்போவாள் என்று ஒரு பெண் கத்தியது கேட்டது.

நான் சாகவில்லை. பனியில், சால்வைகூட இல்லாமல், தெருவோரக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஆகாது என்று சொன்ன அந்தக் குளிர் காற்று உள்ளே போகப் போக நெஞ்சு திறந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் பேச்சு வந்தது. "ஒண்ணுமில்லீங்க, சரியாயிடுச்சு," என்று நிமிர்ந்து பார்த்தேன்.

அவர் என் பக்கத்தில் இல்லை. நாலடி தள்ளி நின்றார். கிடங்கு வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார். முழங்கை வரை மாவு. இரண்டு கைகளையும் மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் எல்லாம் தெரிந்துவிட்டது. குளிர்காலத்தில் இழுப்பு வந்தது குளிரால் இல்லை. கிறிஸ்துமஸ் கேக்கும் அதற்குப் பின் கல்யாணக் கேக்கும் குவிகிற காலம் அது. அவர் மாவில் முங்கி எழுந்து வருவார், நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சட்டையை உதறுவேன். தபசு காலத்தில் சுகம் வந்தது வெயிலால் இல்லை. எங்கள் சபையில் தபசு காலத்தில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லாவிட்டால் கேக் இல்லை. அதற்கப்புறம் வெயில் காலத்தில் ஜன்னல் திறந்தே கிடக்கும். சேலத்தில் சுகமாக இருந்ததும் அப்படித்தான், அங்கே அவர் இல்லை. நாங்கள் ஊரை ஊரோடு நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். தட்டில் வைக்க வேண்டியதை வைக்கவே இல்லை.

முதலில் கிடங்கிலேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தார். காதிலும் முடியிலும் நகத்திலும் மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்கு இழுத்தது. திருநாள் கழிந்ததும், சேலத்துக்காகச் சொல்லி வைத்திருந்த அதே நாளில், வேலையை விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் காப்பி குடிக்கும்போது கேட்டார்.

"ஊர் உனக்கு ஒத்துக்குது. ஒத்துக்காதது நான்தான். இப்ப சொல்லு, சேலமா, இங்கியேவா?"

அந்த நிமிஷத்தைத்தான் நான் இன்றைக்கும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கணக்கு அப்படியே தலைகீழாகிவிட்டிருந்தது. இப்போது சேலம் அவருக்குத்தான் நல்லது. அங்கே மாப்பிள்ளை மரியாதை, கல்லா நாற்காலி. முக்கியமாக, அங்கே ரொட்டிக் கிடங்கின் வாசனை மூக்கில் படாது. கேக் என்ற ஒன்று இருந்ததே மறந்துபோகும். இங்கே இருந்தால் தினமும் அந்தக் கிடங்கைத் தாண்டித்தான் போக வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவர் தனக்காக எதையும் கேட்கத் தெரியாதவர் என்பதும் தெரியும். கேள்வியை முதல் தடவையாக என் பக்கம் தள்ளியதே, நானாகச் சேலம் என்று சொல்ல மாட்டேனா என்றுதான்.

"இங்கியே இருக்கலாங்க," என்றேன். யோசிக்கக்கூட இல்லை. டம்ளரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"சரி," என்றார்.

கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு பூட்ஸ் கடையில் வேலை கிடைத்தது. துரைசானிகள் நாற்காலியில் உட்காருவார்கள், இவர் முட்டி போட்டு அவர்கள் காலில் செருப்பை மாட்டிப் பார்க்க வேண்டும். ஒருநாள் அந்தப் பக்கம் போனவள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, அவர் என்னைப் பார்ப்பதற்குள் ஓடி வந்துவிட்டேன். எனக்கு ஊரும் கிடைத்தது, மூச்சும் கிடைத்தது. பார்க்கில் பேண்டு கேட்டேன், மார்க்கெட்டில் பேரம் பேசினேன், பனியில் தலைக்குத் துணிகூட இல்லாமல் நடந்தேன். சேலம் போயிருந்தால் பழியைச் சேலத்தின் தலையில் போட்டிருக்கலாம். பாழாய்ப்போன ஊர், அவர் கையைக் கட்டிப் போட்டுவிட்டது என்று ஆயுசுக்கும் திட்டியிருப்பேன். போகாததால் பழி போட என்னைத் தவிர ஆள் இல்லை.

தினமும் கடையிலிருந்து வந்ததும் வாசல் குழாயடியில் நின்று சட்டையைக் கழற்றி உதறுவார். உதற அதில் ஒன்றும் இல்லை. முகம் கை கால் கழுவிக்கொண்டுதான் படி ஏறுவார். ஏறியதும் ஒரே கேள்வி.

"மூச்சு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க."

அன்பாகத்தான் கேட்பார். ஆனாலும் ஒவ்வொரு நாளும் அந்தப் பதிலைச் சொல்லும்போது, வாங்கிய பொருளுக்கு ரசீது கொடுக்கிற மாதிரி எனக்கு இருக்கும்.

சில வருஷம் கழித்து முதலாளி தன் மகள் கல்யாணத்துக்கு வந்து கூப்பிட்டார். வேறு யார் கை பட்டாலும் தன் வீட்டுக் கேக் கேக்காக இருக்காது என்றார். இவர் என்னைப் பார்த்தார். போய்ட்டு வாங்க, போகாவிட்டால் நான் அழுவேன் என்றேன். போனார். ராத்திரி அங்கேயே தங்கி, அங்கேயே குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு கல்யாணக் கோவிலுக்கு நேராக வந்தார். விருந்தில் ஜனங்கள் கேக்கைச் சுற்றி நின்றார்கள். இவர் சுவரோரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வயசு குறைந்த முகம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் காதுக்குப் பின்னால் மாவு ஒரு கோடாகக் காய்ந்து ஒட்டியிருந்ததைக் கண்டேன். துடைக்கவில்லை. அன்றைக்கு எனக்கு லேசாக நெஞ்சில் விசில் கேட்டது. அந்தக் கோடோ, கல்யாணக் கூட்டத்துத் தூசியோ, யார் கண்டார்கள்.

"மூச்சு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க. பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகல. இனிமே கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போய்ட்டு வாங்க."

தலையை ஆட்டினார். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் போகவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கும் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "அவரு கூப்பிடலியே, நானா போய் நிக்கறதா?" என்பார். முதலாளி மேல் எனக்குக் கோபமாக வந்தது. மகள் கல்யாணத்துக்கு மட்டும் இவர் கை வேண்டும், அப்புறம் வேண்டாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது முதலாளியைப் பிடித்துக்கொண்டேன். இன்னா முதலாளி, ஒரேயடியா மறந்துட்டீங்களே என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் விழித்தார்.

"நானா மறந்தேன்? வருஷா வருஷம் ஆள் அனுப்பறேன், நானே கடைக்குப் போயும் கேட்டேன். மாட்டேங்கறாரே. எம் பொண்ணு கல்யாணம் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி பூரா ஒன் நெஞ்சுல சத்தம் கேட்டுதாம். நீ நல்லாருக்குதுன்னு சொன்னியாமே."

வீட்டுக்கு வந்து காப்பி போட்டேன். முன்னதாகவே வந்துவிட்டிருந்தவர், குழாயடியில் கோவில் சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தார். கோவிலில் ஏது மாவு? உதறி முடித்து, காதுக்குப் பின்னால் இரண்டு தடவை தேய்த்துக் கழுவிவிட்டுப் படி ஏறி வந்தார்.

"மூச்சு எப்படி இருக்குது?" என்றார்.

"நல்லா இருக்குதுங்க," என்றேன்.